மலர்கொடியின் ஒன்றரை விரல்

முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் விரல் மரத்துப்போவதை நோயாகவே நினைப்பதில்லை. கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு பால் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலைப் பொசுக்கும். முதல் வாரம் எரியும், பிறகு தோல் கறுத்து உரியும், மூன்றாவது மாதம் விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் பால் எப்படியோ உள்ளே போய்விடும். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே ராஜதுரையின் கொட்டகையில் பதினோரு வருடம் கொட்டை உடைத்த மலர்கொடி, கொதிக்கும் டீ டம்ளரைத் துணி இல்லாமல் எடுப்பாள். கையுறை கேட்டால் ராஜதுரை சிரிப்பார். "நீங்க என்னா ஆபரேசனா பண்றீங்க?" என்பார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருடம் சித்திரையில், கொட்டை வரத்து அதிகமாக இருந்த நாட்களில், கொட்டகையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். வெட்டி மீதியான தகரங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தரை முழுக்கக் கொட்டைப் பால் பிசுபிசுத்தது. "சாம்பலு போடச் சொல்லுங்க மொதலாளி, காலு நிக்க மாட்டேங்குது" என்று பெண்கள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் சாம்பல் மலையாகக் கிடந்தது. இரண்டு கூடை அள்ளிக் கொட்ட ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை, அவித்த கொட்டையைத் தட்டில் சுமந்துகொண்டு வந்த மலர்கொடி வழுக்கினாள். தட்டை விடாமல் பிடித்தாள். கொட்டை சிந்தினால் பேச்சு வாங்க வேண்டும் என்பது அவள் உடம்பில் ஊறிய பயம். தட்டோடு சேர்ந்து விழுந்த வலது கை தகரத்தின் விளிம்பில் இறங்கியது. மணிக்கட்டின் உட்புறம், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு நேர்கோடு. ரத்தம் பீச்சி அடித்தது.

ராஜதுரை அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். போகும் வழியில் மலர்கொடியின் புருஷன் இளையபெருமாளையும் ஏற்றிக்கொண்டார். இளையபெருமாள் அவரிடமே குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறவன். காருக்குள் ராஜதுரை பேசியது அவனிடம்தான்.

"பெருமாளு, டாக்டரு கேட்டா வூட்டுல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு. தகரம், கொட்டகைன்னு ஆரம்பிச்சா அவன் போலீசு, ஆபீசுன்னு இழுப்பான். செலவு பூரா என்னுது. என்னா?"

"சரிங்க மொதலாளி."

வழுக்கி விழுந்தது உண்மைதான். வீட்டில் என்ற ஒரு சொல்தான் பொய். போய்ச் சேர்ந்த தனியார் கிளினிக்கின் சீட்டில் அதுவே ஏறியது: வீட்டில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்ட காயம். அங்கிருந்த டாக்டர் ரத்தத்தை நிறுத்தினார், ஏழு தையல் போட்டார், ஊசி குத்தினார். கெட்டிக்காரத் தையல். ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. விரல்களை விரித்துக் காட்டு, நான் எந்த விரலைத் தொடுகிறேன் சொல்லு. கண்ணை மூடச் சொல்லி இதைக் கேட்கப் பத்து விநாடி போதும். மலர்கொடி கால் கழுவாமல் வந்து உட்கார்ந்திருந்தாள், கையெல்லாம் சாம்பலும் எண்ணெயும். அப்படிப்பட்டவர்களைத் தைத்து அனுப்பினால் போதும் என்று இந்த நாட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. தோல் மூடியது. தோலுக்கு அடியில், அறுந்துபோன நரம்பின் இரண்டு முனைகளும் தனித்தனியாகக் கிடந்தன.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்திருந்தன. மலர்கொடி கவலைப்படவில்லை.

"கொட்டப் பாலு பட்ட கை மரத்துதான் கெடக்கும்" என்றாள் இளையபெருமாளிடம்.

கொட்டகையில் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. விரல் மரத்துப்போவது அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதி. அதை நினைத்துப் பதறினால் அவர்கள் தினமும் பதற வேண்டும்.

ஆனி மாதம் கையெழுத்துக் கோணியது. ரேஷன் கடையில் பேனா நழுவியது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிப் பள்ளமானது. அதன்பின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மெதுவாக உள்பக்கம் மடங்க ஆரம்பித்தன. இடது கையால் நீட்டிவிட்டால் நீளும். விட்டால் திரும்ப மடங்கும். ராத்திரி படுக்கும்போது துணி வைத்து இறுகக் கட்டிக்கொள்வாள். காலையில் அவிழ்த்தால் முன்பு போலவே மடங்கிவிடும்.

முதலில் பார்த்தது கொட்டகையில் எதிரே உட்காருகிற ஒருத்தி. மறுநாள் தன் பலகையை இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த வாரமே குழாயடியில் பேச்சு வந்துவிட்டது. விரல் மடங்குது, மரத்துப்போவுது, அது அந்த நோய்தான். நோயின் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. குட்டநோயை இங்கே இன்னமும் "அந்த நோய்" என்றுதான் சொல்கிறார்கள். கிருமியால் வருகிற நோய், இலவச மாத்திரையில் தீருகிற நோய். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே அது யாருக்கும் தொற்றாது. இதெல்லாம் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. எழுதிய சுவரில் சாய்ந்துகொண்டே முன்ஜென்மப் பாவம் என்று பேசுகிறார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசுக்காரர்தான். நல்ல மனசோடு செய்யும் முட்டாள்தனத்துக்கும் ஒரு மனித உடம்புதான் விலை கொடுக்கிறது.

ஆடி முதல் வாரம் ராஜதுரை கூப்பிட்டார்.

"ஏம்மா மலரு, திங்கிற பொருளு பாரு. யாராச்சும் ஏதாச்சும் பேசுனா யாவாரம் படுத்துடும். கொஞ்ச நாளு வூட்டுல இரு. கை சரியாவட்டும்."

"கொட்டகையிலதான மொதலாளி கை போச்சு?"

"அது ஆறிடுச்சேம்மா! தழும்பப் பாரு, கோடு போட்ட மாதிரி. இது வேற."

அவளும் அதை நம்பினாள். புண் ஆறிவிட்டது, ஆகவே இது வேறு. அதற்குப் பிறகு அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாழ ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது? தேமல் இருக்கிறதா, உணர்ச்சியில்லாத இடம் இருக்கிறதா என்று பார்க்க சுகாதாரத்துறைப் பெண்கள் வீடுவீடாக வந்த அன்று, பின்வாசல் வழியாக முந்திரிக்காட்டுக்குள் போய் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். காப்பாற்ற வந்தவர்களைப் பார்த்து ஒளிந்துகொண்டாள். தன் உடம்பையே ஒரு குற்றமாக நினைக்கவைத்த ஊர் அவளுடையது. அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் தன் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எப்போது அடுத்தது மரக்கும் என்று.

ஐப்பசியில் ஒரு நாள் சோறு வடிக்கும்போது சுண்டுவிரல் பானையின் விளிம்பில் படிந்து கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. வாசனை வந்துதான் பார்த்தாள். விரல் நீளத்துக்குக் கொப்புளம். வலி துளியும் இல்லை. வலி இல்லை என்பதுதான் அவளை நடுங்கவைத்தது.

அந்த நேரத்தில் வீரம்மாள் வந்தாள். கொட்டகையில் கூட வேலை செய்கிறவள், வாய் நிற்காது. மலர்கொடி கையை முந்தானைக்குள் இழுத்தாள்.

"எடுடி வெளியில. தங்கக் காப்பா போட்டிருக்க, மறைக்கிற?"

"வாணாம்க்கா. தொடாத."

"தொட்டா என்னா, நான் செவப்பா ஆயிடுவனா?" கையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "அடியே, எங்க பெரியக்காளுக்கு அந்த நோயி வந்துச்சு, தெரியுமுல்ல? ஒரு வருசம் மாத்திரை தின்னா. இன்னிக்கி என்னையவிடக் கெட்டியா களை வெட்டுறா. அவளுக்கு முதுவுல, தொடையில எல்லாம் படை படையா இருந்துச்சு. ஒனக்குப் படை எங்கடி?"

"இல்ல."

"மூஞ்சியில தடிப்பு?"

"இல்லக்கா."

"அப்பறம் நீயா எப்பிடிடி முடிவு பண்ணுன? அந்த நோயாவே இருந்தாலும் மாத்திரை இருக்கு, தின்னுட்டுப் போயிட்டே இரு. இல்லன்னா இது என்னான்னு தெரியணும். நாளைக்கி மொத பஸ்ஸுல அரியலூரு போற. போவல, நான் மைக்கு வச்சு சொல்லிடுவேன் ஊருக்கு."

படிக்காத வீரம்மாளிடம் இருந்தது ஒரு விசாரணை முறை. அறிகுறியைப் பார், ஒப்பிட்டுப் பார், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் போ.

மறுநாள் அரியலூர் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு வரிசையில் இளையபெருமாளும் மலர்கொடியும் நின்றார்கள். பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தைதான் பேசியிருந்தான். "காயம் பத்திக் கேட்டா, வூட்டுலன்னே சொல்லிடு மலரு. வண்டிய நம்பித்தான் பொழைக்கிறோம்." அவள் தலையாட்டியிருந்தாள்.

டாக்டர் சிந்து இளம் வயது. கையைத் தன் கையில் வாங்கினார். அதற்கே மலர்கொடிக்குக் கண் கலங்கியது. மூன்று மாதமாக வீரம்மாளைத் தவிர வெளியாள் யாரும் அந்தக் கையைத் தொடவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலையும் தொட்டார். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. மோதிர விரலில் ஒரு பாதி தெரிந்தது, மறுபாதி தெரியவில்லை. நடுவில் பேனாவால் கோடு போட்டார். கழுத்தோரமும் முழங்கையிலும் நரம்பைத் தடவிப் பார்த்தார். உடம்பு முழுக்கப் படை தேடினார்.

"எத்தனை நாளா மரத்திருக்கு?"

"கொட்ட உடைக்கிற கைங்க. அது எப்பவுமே மரத்துதாங்க இருக்கும்."

"கொட்டைய எந்த விரலால பிடிப்பீங்க?"

"இதாலயும் இதாலயும்." பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினாள்.

"அதுல தொட்டா தெரியுது. கொட்டையத் தொடாத சுண்டுவிரல் மட்டும் எப்படி மரத்துப்போச்சு?"

மலர்கொடி தன் கையையே புதிதாகப் பார்த்தாள். பதினோரு வருடம் கொட்டை உடைத்தவளுக்கு, கூட உடைத்த இருபது பேருக்கு, அந்தக் கேள்வி தோன்றவில்லை. பழகிப்போன துன்பத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பழக்கம்தான் முதலாளிகளுக்கு வசதி.

"இந்தத் தழும்பு?"

"வூட்டுல வழுக்கி விழுந்துச்சுங்க" என்றான் இளையபெருமாள். பழைய கிளினிக் சீட்டை நீட்டினான்.

டாக்டர் சீட்டைப் படித்தார், தழும்பைப் பார்த்தார். "தரையில விழுந்தா சிராய்க்கும். இது பிளேடு போட்ட மாதிரி இருக்கு. எதும்மா அறுத்துச்சு?"

மலர்கொடி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"இங்க பாருங்க. இந்த இடத்துல ஒரு நரம்பு போகுது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரல்ல பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது அதுதான். விரலை விரிக்கிற சதைக்கும் அதுதான். கூர்மையா ஏதாவது அறுத்திருந்தா அது அறுந்திருக்கும். அறுந்த நரம்ப ஒட்டலாம். ஆனா கெடு இருக்கு. நரம்பு வராத சதை ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல செத்துடும். அப்புறம் ஒட்டியும் புண்ணியமில்ல. உங்களுக்கு ஏற்கனவே ஆறு மாசம் போயிடுச்சு. தரையில விழுந்ததுன்னு நான் எழுதி அனுப்பினா, திருச்சி பெரியாஸ்பத்திரியில மொதல்ல நோயத்தான் தேடுவாங்க. தோலைச் சுரண்டிப் பாப்பாங்க, ரிசல்ட்டுக்கு நிப்பீங்க, வாரக்கணக்குல போயிடும். எது அறுத்துச்சு?"

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். இளையபெருமாளின் சட்டைப் பையில் வண்டிச் சாவி இருந்தது. கொத்தாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. மலர்கொடி அதைப் பார்த்தாள். ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் கை. எழுதிய ஒரு பொய்யை அழிக்க அவள் தன் சோற்றையே பணயம் வைக்க வேண்டியிருந்தது. பொய்யை எழுதவைத்தவருக்கு அன்று காலை வழக்கம்போல டிபன் ஆகியிருக்கும்.

"தகரங்க" என்றாள். "ராஜதுரை கொட்டகையில. சித்திரை பதினாலாந் தேதி. நறுக்குன்னு சத்தம் கேட்டுச்சு உள்ளார."

இளையபெருமாள் கிளினிக் சீட்டை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். டாக்டர் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.

திருச்சியில் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். முழுதாக அறுந்திருந்தது. அறுவை செய்யும் டாக்டர் ஜெயசீலன், முனைகள் விலகிவிட்டதால் நேராகச் சேர்க்க முடியாது, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையில் வைத்துத் தைக்க வேண்டும் என்றார். பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரத்துவிடும், நடக்கத் தடையில்லை என்றார்.

"ஒட்டுனா சரியாப் போயிடுங்களா?"

"சொல்ல முடியாதும்மா. நாங்க நரம்போட மேல்குழாயைத்தான் ஒட்டுறோம். உள்ள நரம்பு தானா வளர்ந்து போகணும். ஒரு அரிசி நீளம் வளர ஒரு வாரம் ஆகும்."

அறுவைக்கு நாள் கொடுத்த வாரம் ராஜதுரை வீட்டு வாசலில் கார் நிறுத்தினார். ஆஸ்பத்திரிச் சீட்டில் கொட்டகையின் பெயர் ஏறிய செய்தி அவருக்குப் போயிருந்தது.

"ஏண்டா பெருமாளு, ஒன் பொண்டாட்டிக்கு வாயி நீண்டுடுச்சாமே? கார்ல தூக்கிட்டு ஓடுனவன் நானு. மறந்துட்டீங்களா? தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லு. வண்டிய நீயே ஓட்டு."

இளையபெருமாள் வீரன் இல்லை. கைகட்டிக்கொண்டேதான் சொன்னான். "மொதலாளி, மாத்தி எழுதுனா டாக்டருங்க கொழம்பிடுவாங்க. அவளுக்கு நாளு கம்மியா இருக்குங்க."

"அப்பச் சாவிய வய்யி."

வைத்தான். பத்து நாள் கழித்து ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் மாற்று ஓட்டுநராகப் போய்ச் சேர்ந்தான். வீட்டுக்கு வாரம் ஒருமுறைதான் வர முடிந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கிறது. நரம்பாவது வாரம் ஒரு அரிசி நீளம் நகர்கிறது.

கார்த்திகையில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. அதுவரை செய்ய ஏதாவது இருந்தது. இனி காத்திருப்பது மட்டும்தான். மலர்கொடி தழும்பிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை அரிசிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். பதினைந்து அரிசி. பதினைந்து வாரம். இடையில் எங்காவது வழி தவறினால்? டாக்டர் ஒவ்வொரு முறையும் தழும்புக்குக் கீழே விரலால் தட்டுவார். எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிற இடம்வரை நரம்பு வந்திருக்கிறது என்று கணக்கு. தையில் எறும்பு மணிக்கட்டின் மடிப்புக்கு வந்தது. மாசியில் அங்கேயே நின்றது. அந்த மாதம் முழுக்க மலர்கொடி வீட்டில் எதையும் கையில் எடுத்தால் கீழே போட்டாள். தூங்கி விழித்ததும் முதல் வேலையாகத் தட்டிப் பார்ப்பாள். மடிப்பு. மறுநாளும் மடிப்பு. அடிக்கடி தட்டக் கூடாது என்று பிசியோதெரபி அறையில் திட்டு வாங்கினாள்.

"செத்துப்போச்சாக்கா சதை?" என்று வீரம்மாளிடம் கேட்டாள்.

"என்னையக் கேட்டா? நான் என்னா நரம்பு டாக்டரா? பேசாம எக்சைஸ் பண்ணுடி" என்றாள் வீரம்மாள். ஆனால் அவள் முகமும் சரியாக இல்லை.

பங்குனியில் எறும்பு மடிப்பைத் தாண்டி உள்ளங்கைக்குள் வந்தது. ஆனால் விரல் எதுவும் அசையவில்லை. சித்திரை பிறந்தது. காயம் பட்டு ஒரு வருடம். டாக்டர் சொன்ன கெடுவின் முதல் எல்லை அது. வைகாசி கடைசியில் திருச்சிக்குப் போனபோது இளையபெருமாளும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"சுண்டுவிரல வெளிப்பக்கமா விரிங்க" என்றார் டாக்டர் ஜெயசீலன்.

விரல் அசைந்தது. இளையபெருமாள் எழுந்தே விட்டான்.

"உக்காருங்க. இது ஏமாத்து. பின்பக்கத் தசைநார் இழுக்குது, அந்தச் சதை இல்ல." மேசையில் கையைத் தட்டையாக வைத்து, பின்பக்க நாரைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்ப விரிங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மலர்கொடியின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. டாக்டர் தன் இன்னொரு விரலை அவள் உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் வைத்தார்.

"திரும்ப."

அவள் முயன்றாள்.

"நிறுத்துங்க. மூச்சு விடுங்க. திரும்ப ஒரு தடவை."

முயன்றாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னாங்க?" என்றான் இளையபெருமாள்.

"துடிக்குது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியுது." சதையின் பலத்துக்கு நோட்டில் மார்க் எழுதினார். "அஞ்சுக்கு ஒண்ணு."

மலர்கொடி நோட்டை எட்டிப் பார்த்தாள். "அஞ்சுக்கு ஒண்ணுன்னா பெயிலுதாங்களே?"

"போன தடவ பூஜ்யம்மா."

"ரெண்டு எப்ப வரும்?"

"தெரியாது. வராமலும் போகலாம். மத்த சதையெல்லாம் இன்னும் தூரமா இருக்கு. வரலன்னா வேற விரலோட நாரை மாத்திவைக்கிற ஆபரேஷன் இருக்கு, அதை அப்பப் பாப்போம். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இளையபெருமாள் சீட்டை வாங்கி மடித்தான். மலர்கொடி எழுந்திருக்கவில்லை. டாக்டர் விரல் வைத்த அதே இடத்தில் தன் இடதுகை விரலை வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே, இன்னொரு முறை விரிக்க முயன்றுகொண்டிருந்தாள்.